அறுபதுக்கு மேல் ஆட்டம்: மலையூரில் ஒரு விளையாட்டுக் கூட்டம் தொடங்குவது எப்படி

கோத்தகிரி பக்கம் முப்பது வருஷம் பால்வாடி டீச்சராக இருந்தேன். பிள்ளைகளை விளையாட வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, அத்தனை வருஷத்தில் நான் ஒருநாள்கூட விளையாடவில்லை. விசில் ஊதினேன், கைதட்டினேன், அழுத பிள்ளையின் மூக்கைத் துடைத்தேன். அவ்வளவுதான்.

இப்போது ஆறு வருஷமாக எங்கள் ஊரில் திங்கள், புதன், வெள்ளி மதியங்களில் ஒரு பதினைந்து பேர் கூடி ஆடுகிறோம். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். மூத்தவருக்கு எண்பத்து மூன்று. சங்கம் கிடையாது, தலைவர், செயலாளர் கிடையாது. குன்னூரிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் சொந்தக்காரர்கள் போன் போட்டு, "எப்படி ஆரம்பிச்சீங்க, எங்க ஊர்லயும் செய்யலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே கதையைச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுவார்கள் என்று எனக்குத் தெரியும். அத்தனை இடத்திலும் நான் விழுந்திருக்கிறேன்.

எப்படிக் கூப்பிடுவது

"உடம்புக்கு நல்லது, வாங்க" என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். முதல் மாதம் நான் அப்படித்தான் கூப்பிட்டேன். ஏழு பேர் வந்தார்கள், இரண்டாம் வாரம் மூன்று பேர், நாலாம் வாரம் நானும் கேரம்போர்டும். நம் வயதில் உடம்புக்கு நல்லது என்று விழுங்குவதற்கு ஏற்கெனவே காலையில் நாலு மாத்திரை இருக்கிறது. ஐந்தாவது மாத்திரையாக விளையாட்டை நீட்டினால் யார் வாங்கிக்கொள்வார்கள்?

நன்மை இல்லாமல் இல்லை. 2003-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நியூயார்க்கில் 75 வயது தாண்டிய 469 பேரைப் பல வருஷம் கவனித்ததில், படிக்கிறவர்கள், பலகை ஆட்டம் ஆடுகிறவர்கள், இசைக்கருவி வாசிக்கிறவர்கள், நடனமாடுகிறவர்கள் ஆகியோருக்கு மறதி நோய் வருவது குறைவாக இருந்தது. ஆடியதால் மறதி வரவில்லையா, மறதி வராதவர்கள்தான் ஆடிக்கொண்டிருந்தார்களா என்ற கேள்வி இதில் இருக்கத்தான் செய்கிறது. என்னைக் கேட்டால், அந்தக் கணக்கை டாக்டர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மறதி வராமலிருக்க ஆடுகிறேன் என்று நினைத்துக்கொண்டே தாயக்கட்டையை உருட்டிப் பாருங்கள், ஒரு சுவாரஸ்யமும் இருக்காது. சுவாரஸ்யம் இல்லையென்றால் நாளைக்கு வரமாட்டீர்கள். வராவிட்டால் நன்மை எங்கிருந்து வரும்?

ஐந்தாம் வாரத்திலிருந்து கூப்பிடும் வார்த்தையை மாற்றினேன். "ஒரு கை குறையுது, வர்றீங்களா?" இதைக் கேட்டு மறுத்தவர்கள் குறைவு. வா, உன்னைச் சரிசெய்கிறேன் என்று கூப்பிட்டால் கால் வராது. நீ இல்லாமல் எங்கள் ஆட்டம் நிற்கிறது என்றால் செருப்பைத் தேடுவார்கள்.

முதலில் நாலு பேர்

நாலு பேர் போதும். இருபது பேர் சேரட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்தால் 2030-ல் குறிஞ்சியே பூத்துவிடும். நாலு பேரில் ஒருவர் தோற்றால் கோபப்படுகிற ஆளாக இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், அவர் அவசியம். அவர் இருந்தால்தான் மற்றவர்களுக்கு ஜெயிப்பதில் ருசி. இன்னொருவர் ஊர் வம்பு தெரிந்தவர். மூன்றாமவர் டீ போட அலுக்காதவர். நாலாவது நீங்கள்.

எல்லாரும் ஒரே தெருவாக இருந்தால் நல்லது என்று தோன்றும். மலையில் அது வசதிதான், ஏற்றம் இறக்கம் குறையும். ஆனால் ஒரே தெருக்காரர்களுக்குள் ஏற்கெனவே ஒரு வேலித் தகராறாவது இருக்கும். எங்கள் கூட்டத்தில் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர்கள் தங்கள் ஊரை அப்படித்தான் சொல்வார்கள்) இரண்டு படுகர் பெரியவர்கள், தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து ஐந்தாறு பேர், குவாட்டர்ஸ் பக்கம் ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ், ஒரு பஸ் கண்டக்டர், அப்புறம் சமவெளியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்து, பேச ஆளில்லாமல் ஜன்னல் வழியாக மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர். முப்பது வருஷம் ஒரே கடையில் உப்பு வாங்கியும் பேசிக்கொள்ளாதவர்கள் இவர்களில் இருந்தார்கள். தாயம் அதைச் சரிசெய்தது. காயை வெட்டினால் திட்டியே ஆக வேண்டும், திட்டினால் பேச்சு வந்துவிடும்.

பெண்கள் ஏன் வருவதில்லை

இதில்தான் எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

இந்த மலையில் விளையாட்டுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. குதிரைப் பந்தயம், வேட்டை, படகு என்று வெள்ளைக்காரன் ஏறி வந்ததே பாதி விளையாடத்தான். 1875-ல் ஜபல்பூரில் பிறந்த ஸ்னூக்கருக்கு விதிகளை எழுதி மாட்டியது ஊட்டி கிளப் சுவரில். ஆனால் கூடையை முதுகில் கட்டிக் கொழுந்து பறித்தவளுக்கு ஆட்டம் என்று ஒன்று இருந்ததா? காலையில் பேர் கொடுத்து, மலை ஏறி, எடை போட்டு, வீட்டுக்கு வந்து சோறாக்கி. ஆண்களுக்காவது டீக்கடை பெஞ்சில் சீட்டு இருந்தது. பெண் அறுபதில் ஓய்வு பெறுகிறாள் என்பது காகிதத்தில்தான். அடுத்த நாளிலிருந்து பேரப்பிள்ளை அவள் இடுப்பில்.

எங்கள் கூட்டத்துக்கு ஓர் அக்கா வருவார். பதின்மூன்று வயதில் இலங்கையிலிருந்து மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர். நாற்பது வருஷம் கொழுந்து எடுத்த கை. மூன்று வாரம் வாசற்படி ஓரமாகவே உட்கார்ந்திருந்தார். கேட்டால், டம்ளர் கழுவ வந்தேன் என்பார். ஒரு மழை நாள், ஆள் வரவு குறைவு. பல்லாங்குழிப் பலகையை விரித்து, "ஒரு கை குறையுதுக்கா" என்றேன். திரும்பி வாசலைப் பார்த்தார்.

"யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க டீச்சர்? கெழவிக்கு வேலை இல்லாம ஒக்காந்திருக்கான்னுதானே?"

"நெனைக்கட்டும். இப்ப உங்களுக்கு வேலை இல்லதானே?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். கட்டைவிரலிலும் அடுத்த இரண்டு விரலிலும் தேயிலைக் கறை வரிவரியாக இன்னும் இருந்தது. குழியைப் பார்க்கவே இல்லை. ஐந்து விதையை ஒரே அள்ளில் எடுத்து, குழிக்கு ஒன்றாக விட்டுக்கொண்டே போனார். சத்தத்தை வைத்தே எந்தக் குழியில் எத்தனை என்று தெரிந்துவைத்திருந்தார். எட்டு வயதில் இலங்கைத் தோட்டத்து லயத்து (அங்கே லைன் வீட்டுக்கு அதுதான் பேர்) வாசலில் மண்ணைத் தோண்டி ஆடியதாம். அரைமணி நேரத்தில் என் பக்கம் இரண்டு குழிதான் நிரம்பியது. "இன்னொரு ஆட்டம், டீச்சர்" என்றார். பேச்சு அவ்வளவுதான். இப்போது அவரை ஜெயிக்க ஊரில் ஆளில்லை.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட சில காரியங்கள். பெண்களைத் தனியாகக் கூப்பிடாதீர்கள், இரண்டு பேராகக் கூப்பிடுங்கள். முதல் சில வாரம் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க விடுங்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மதியச் சமையல் முடிந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்புவதற்குள் நேரத்தை வையுங்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, உள்ளே போய்வரத்தக்க ஒரு கழிப்பறை இருக்க வேண்டும். குளிரில் இந்த வயதில் மணிக்கு ஒருதரம் போக வேண்டியிருக்கும், ஆண்களுக்கும் அப்படித்தான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "முட்டி வலி, வரலை" என்று சொல்லிவிடுவார்கள்.

இடம்

முதலில் என் வீட்டுத் திண்ணையில் ஆரம்பித்தோம். இரண்டு மாதத்தில் மருமகள் முகம் வாடியது. அவள் மேல் தப்பில்லை, வாரத்துக்கு மூன்று நாள் பதினைந்து ஜோடி சேறு படிந்த செருப்பு வாசலில் கிடந்தால் யாருக்கும் அலுக்கும். வீட்டில் தொடங்கலாம், வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. சமுதாயக் கூடம், கோயில் மண்டபம், சர்ச் ஹால், நூலகத்தின் ஓர் அறை என்று எது மதியத்தில் சும்மா கிடக்கிறதோ அதைக் கேளுங்கள். கேட்கப் போகும்போது எண்பது வயதுக்காரரை முன்னால் நிறுத்துங்கள். அவரிடம் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

இடத்தைப் பார்க்கும்போது அறையைவிட அதற்குப் போகும் வழியைப் பாருங்கள். மழைக்காலத்தில் கற்படியில் பாசி பிடிக்கும். ஒரு பிளீச்சிங் பவுடர் பாக்கெட்டும் தென்னந்துடைப்பமும் முதல் செலவாக இருக்கட்டும். அறைக்குள் வெறும் கம்பளிச் சாக்ஸோடு சிமெண்டுத் தரையில் நடக்கவிடாதீர்கள், அது பாசியைவிட மோசம். போன வருஷம் எங்கள் கண்டக்டர் அண்ணன் அப்படித்தான் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ரப்பர் அடி போட்ட செருப்பை உள்ளேயும் போடலாம், சுத்தம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நாற்காலிக்குக் கைப்பிடி வேண்டும், எழுந்திருக்கும்போது ஊன்ற. தரையில் பாய் விரிப்பது அழகுதான், ஆனால் பாதிப் பேருக்கு உட்கார்ந்தால் எழ வராது. வெளிச்சம் ஆடுகிறவரின் பின்னாலிருந்து விழட்டும். கண்புரை இருப்பவர்களுக்கு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் பலகை முழுக்கக் கூசும்.

குளிருக்கு என்று கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பு மூட்டுகிற பழக்கம் மலையில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். எரிகிற கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான் தெரியும். மடியில் கம்பளி, காதில் மப்ளர், கையில் சூடான டம்ளர் போதும்.

நேரம்

எங்களுக்கு இரண்டு மணியிலிருந்து நாலு வரை. நாலேகாலுக்கு மேல் யாரையும் விடுவதில்லை, ஜெயித்துக்கொண்டிருந்தாலும் சரி. மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் வருவது ஜீப்பா காட்டு மாடா என்று தெரியாது. இருட்டத் தொடங்கும்போது தேயிலைக்குள்ளிருந்து அது ரோட்டுக்கு வரும். கொடைக்கானல்காரர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊருக்குக் கூடுதலாகக் கரடி வேறு. கோயில் விளக்கில் ஊற்றிய எண்ணெயையே தேடி வருகிற ஜீவன், ஆட்ட அறையில் வர்க்கி பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனால் சும்மா விடுமா? தின்பண்டம் எதுவானாலும் அன்றைக்கே காலி செய்யுங்கள்.

மழைக்கு ஊர் பார்த்துத் திட்டம் போடுங்கள். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பர்தான் பெரிய மழை. அந்த மாதங்களில் வாரம் ஒருநாள் ஆடினாலும் ஆடிவிடுங்கள். ஒரு மாதம் அடியோடு நின்றால் மறுபடி கூட்டுவது புதிதாகத் தொடங்குவதைவிடக் கஷ்டம்.

எந்த ஆட்டம்

எல்லாரும் முதலில் கேரம்போர்டு வாங்குவார்கள். வாங்குங்கள், பரவாயில்லை. "அது பசங்க ஆட்டம்" என்று யாராவது சொன்னால், சென்னைக்காரரான மரிய இருதயம் கேரமுக்காகவே 1996-ல் அர்ஜுனா விருது வாங்கியதைச் சொல்லுங்கள். ஆனால் மலையில் கேரம்போர்டு ஒரு தொல்லை பிடித்த பொருள். ஈரக்காற்றில் பலகை உப்பும், பவுடர் கட்டிகட்டும், காய் பாதி வழியில் நின்றுவிடும். வெயில் அடிக்கிற நாளில் அரைமணி நேரம் பலகையை வெளியில் சாய்த்து வையுங்கள். ஆடாதபோது தரையில் படுக்கப் போடாமல் பழைய கம்பளியில் சுற்றி உயரத்தில் வையுங்கள். போரிக் பவுடர் வாய்க்குள் போகக் கூடாத பொருள், கை கழுவாமல் வர்க்கியைத் தொடவிடாதீர்கள்.

புதியவர்கள் தாயத்தில் தொடங்குவதுதான் என் யோசனை. பேசிக்கொண்டே ஆடலாம், நாலு பேர் ஆடலாம், அதிர்ஷ்டமும் பாதி இருப்பதால் கெட்டிக்காரருக்கும் புதியவருக்கும் வித்தியாசம் ரொம்பத் தெரியாது. ஒரே குறை, தாயம், அதாவது இரண்டு கட்டையும் சேர்ந்து ஒன்று, விழும்வரை காய் இறங்காது. இரண்டு பித்தளைக் கட்டையிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெறும் பக்கம் என்று நாலு முகம். பதினாறு விதமாக விழலாம், அதில் தாயம் இரண்டே விதம். எட்டுக்கு ஒருதரம்தான் என்று அர்த்தம். துரதிர்ஷ்டம் பிடித்தவர் இருபது முறை உருட்டியும் வெளியே உட்கார்ந்திருப்பார். வயதானவரை அப்படி உட்காரவைத்தால் அடுத்த நாள் வரமாட்டார். நாங்கள் ஐந்து விழுந்தாலும் முதல் காயை இறக்கலாம் என்று வைத்துக்கொண்டோம். நாலுக்கு ஒன்று என்று ஆகிவிடும். பழைய ஆட்டக்காரர் ஒருவர், "இது தாயமே இல்லை, அஞ்சாயம்" என்று முனகினார். பேரே அதுவாகிவிட்டது.

கை நடுங்குகிறவர் கட்டையை விரலில் உருட்ட வேண்டாம், ஒரு எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கிக் கவிழ்க்கட்டும். அந்தச் சத்தம் எல்லாருக்கும் பிடித்துப்போய் இப்போது நடுங்காதவர்களும் டம்ளர்தான்.

பல்லாங்குழிக்குச் சோழியும் புளியங்கொட்டையும்தான் வழக்கம். மூட்டுவாதம் உள்ள விரலுக்குச் சோழி வழுக்கும், புளியங்கொட்டை கறுத்த குழியில் கண்ணுக்குத் தெரியாது. நம் மலையில் விளைகிற பட்டர் பீன்ஸைக் காயவைத்துப் பாருங்கள். பெரிசு, வெள்ளை, தட்டை, கைக்குள் அடங்கும். பதினாலு குழி, குழிக்கு ஐந்து, ஆக எழுபது விதை. தொலைவதற்குச் சேர்த்து எண்பதாக வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை வண்டு வைத்துவிடும், மாற்றிவிடலாம். பசு எடுப்பதில், அதாவது குழியில் நாலு விதை சேர்ந்ததும் அள்ளிக்கொள்வதில், வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். முதல் நாளே எந்த வீட்டு வழக்கம் என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அன்று ஆட்டம் நடக்காது.

ஆடு புலி ஆட்டம் மூளைக்காரர்களுக்கு. இருபத்து மூன்று புள்ளி, மூன்று புலி, பதினைந்து ஆடு. சாக்பீஸால் மேஜையிலேயே வரைந்துவிடலாம், காசு செலவில்லை. புதியவருக்கு ஆடுகளைக் கொடுத்து, பக்கத்தில் ஒருவரைத் துணைக்கு உட்காரவையுங்கள். இரண்டு பேர் குசுகுசுவென்று பேசிப் புலியை அடைப்பதில் ஒரு தனி சந்தோஷம்.

சீட்டு பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். பெரிய எழுத்துச் சீட்டாக வாங்குங்கள். பதின்மூன்று சீட்டை விசிறி மாதிரிப் பிடிக்கக் கை வராவிட்டால் ஒரு ரீப்பர் கட்டையில் ரம்பத்தால் நீளமாக ஒரு கீறல் போட்டு அதில் சொருகி நிறுத்திக்கொள்ளலாம்.

விட்டுக்கொடுக்காதீர்கள்

பால்வாடியில் பிள்ளைகளுக்கு நான் விட்டுக்கொடுத்திருக்கிறேன், அதுகளுக்குத் தெரியாது. பெரியவர்களுக்குத் தெரியும்.

எங்கள் எண்பத்து மூன்று வயதுத் தாத்தா ஹட்டியிலிருந்து வருகிறவர். கேரமில் ஒருநாள் கண்டக்டர் அண்ணனோடு ஆடிக்கொண்டிருந்தார். அண்ணனுக்குக் கடைசிக் காய் குழிக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில். குழந்தைகூடப் போட்டுவிடும். அண்ணன் வேண்டுமென்றே ஸ்ட்ரைக்கரைக் கொஞ்சம் சாய்த்து அடித்தார். காய் ஓரத்தில் பட்டுத் திரும்பியது. தாத்தா அதைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். தன் முறை வந்ததும் ஸ்ட்ரைக்கரை எடுக்கவே இல்லை. தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு, "நான் இன்னும் சாகலை, தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர் பத்து நாள் வரவில்லை. அண்ணனே இறங்கிப் போய்க் கூப்பிட்டு வந்தார். அதற்கப்புறம் மூன்று ஆட்டம் தொடர்ந்து தாத்தாவைத் தோற்கடித்தார், அதுதான் மன்னிப்பு.

திறமை வித்தியாசம் அதிகமாக இருந்தால் வெளிப்படையாகச் சலுகை கொடுங்கள். கேரமில் ஆளுக்கு ஒன்பது காய், பலவீனமானவருக்கு ஆரம்பத்திலேயே இரண்டைக் கழித்துவிடலாம். ஆடு புலியில் இரண்டு ஆடு கூடுதலாகக் கொடுக்கலாம். ஆட்டம் தொடங்கும் முன்பே இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால் அது விதி, நடுவில் ரகசியமாகச் செய்தால் அது அவமானம். இதையே வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். "தாத்தாவை ஜெயிக்க விடு" என்று பிள்ளையிடம் கண்ணடிக்கிற மருமகன்களை எனக்குப் பிடிப்பதில்லை.

மறதி தொடங்கியவர்களோடு ஆடும்போது மட்டும் கொஞ்சம் மாற வேண்டியிருக்கிறது. எங்களில் ஒருவருக்கு யார் முறை என்பது நினைவில் நிற்காது. முறை வருகிறவர் முன்னால் ஒரு சிவப்பு மப்ளரை வைத்துவிடுகிறோம். ஆடியதும் அடுத்தவருக்குத் தள்ள வேண்டும், எல்லாரும்தான், அவர் மட்டும் இல்லை. விதியை மறந்தால் திருத்தாமல், நமக்கு முறை வரும்போது அதைச் சரியாகச் செய்து காட்டினால் பாதி நேரம் பிடித்துக்கொள்கிறார்.

காசும் சண்டையும்

காசு வைக்காதீர்கள். ஒரு ரூபாய்தானே என்று தொடங்கும், ஓய்வூதியம் வாங்கிய நாளில் ஐம்பதாகும், அப்புறம் மனைவிமார் வந்து பலகையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். போனில் காசு கட்டி ஆடுகிற ரம்மி பக்கம் போகவே வேண்டாம். அதை ஆட்டம் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-ல் மத்திய அரசே தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. எங்களிடம் பந்தயம் இல்லாமல் இல்லை: தோற்றவர் டம்ளர் கழுவ வேண்டும். ஐஸ் தண்ணீரில் பதினைந்து டம்ளர் கழுவுவதைவிடப் பெரிய பந்தயம் அந்தக் காலத்து ஊட்டிக் குதிரைக்காரர்களிடம்கூட இருந்திருக்காது.

சண்டை வரும். வந்தால் பயப்படாதீர்கள், ஆட்டத்தை மதிக்கிறார்கள் என்று அர்த்தம். விதிச் சண்டை என்றால் ஒரு நோட்டில் எழுதிவைத்துவிடுங்கள், அடுத்தமுறை நோட்டைக் காட்டலாம். ஜாதி, கட்சி, மகன் மருமகள் பற்றிய சண்டை என்றால் பலகையைக் கவிழ்த்து அன்றைய ஆட்டத்தை முடித்துவிடுங்கள். இரண்டு முறைதான் நான் கவிழ்க்க வேண்டியிருந்தது.

எழுந்து நிற்கிற ஆட்டம்

உட்கார்ந்தே ஆடினால் முட்டி பிடித்துக்கொள்ளும். 65 தாண்டியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலசைவும், மூன்று நாளாவது நிலைதடுமாறாமல் இருக்க உதவும் பயிற்சிகளும் வேண்டும் என்று 2020-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தி, ரப்பர் வளையத்தை வட்டமாக நின்று ஒருவருக்கொருவர் வீசிப் பிடிக்கிறோம். நிற்க முடியாதவர் நாற்காலியிலிருந்தே பிடிக்கலாம். பின்னால் சுவரோ நாற்காலியோ இருக்கட்டும். தலைசுற்றல், நெஞ்சுவலிக்காரர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். சர்க்கரைக்காரர்கள் சாப்பிடாமல் வரக் கூடாது.

ஆனால் எங்கள் கூட்டத்தில் மிக நன்றாக உடம்பை அசைக்க வைத்தது வளையம் இல்லை, தாத்தாவின் ஹட்டிப் பாட்டு. படுகர் ஆட்டத்தைக் கல்யாணத்தில் பார்த்திருப்பீர்கள், வட்டமாக நின்று, பாட்டுக்கு ஏற்ப முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி, ஒரு திரும்பல். இருபது வயதுப் பையனும் எண்பது வயதுக் கிழவரும் ஒரே வட்டத்தில். சின்ன வயதிலிருந்து பார்த்த எனக்கு அது தோன்றவேயில்லை. ஒருநாள் யாருடைய போனிலோ அந்த மெட்டு அடித்தது, தாத்தா எழுந்து நின்று இரண்டடி வைத்தார். நர்ஸ் அக்கா பின்னால் போய் நின்றார். இப்போது வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிஷம் அதுதான். உங்கள் ஊரில் கும்மி இருந்தால் கும்மி, கோலாட்டம் இருந்தால் கோலாட்டம். கொடைக்கானல்காரர்கள் வாரம் ஒருநாள் ஏரியைச் சுற்றி நடந்தால் ஐந்து கிலோமீட்டர் ஆகிவிடும், அதையும் போட்டியாக்க ஒரு வழி கண்டுபிடியுங்கள்.

வர முடியாதவர்களுக்கு

இரண்டு வருஷம் ஆடிய பிறகு இந்தப் பிரச்சினை உங்களுக்கும் வரும். ஒருவருக்கு இடுப்பு உடையும், இன்னொருவருக்கு மூச்சு வாங்கும், மேட்டில் ஏற முடியாது. எட்டிப் பார்த்து, "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு வருவதுதான் நாம் வழக்கமாகச் செய்வது. அவருக்கு வேண்டியது அதில்லை.

ஆடு புலிக் கோட்டின் இருபத்து மூன்று புள்ளிகளுக்கும் மேலிருந்து கீழாக ஒன்று முதல் எண் போடுங்கள். ஒரே மாதிரி இரண்டு அட்டை: ஒன்று ஆட்ட அறையில், மற்றது அவர் கட்டிலோரம். இரண்டு பக்கமும் காய்களை வைத்துக்கொண்டு போனில் எண்ணைச் சொன்னால் போதும். எண்கள் பெரிதாக, கறுப்பு மையில் இருக்கட்டும். ஒவ்வொரு நகர்த்தலையும் இரண்டு பேரும் திருப்பிச் சொல்ல வேண்டும். காது மந்தமானவருக்கு எட்டும் ஏழும் ஒன்றுபோலக் கேட்கும், அதனால் ஒரு முறை நாங்கள் அடைக்க வேண்டிய ஒரு புலி அடைபடாமல் தப்பிவிட்டது.

கீழ் லைனில் ஒருவர் எட்டு மாதமாகக் கட்டிலில் இருக்கிறார், அவர்தான் புலி. அவர் வீட்டுக்குள் டவர் எடுக்காது. மருமகள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, நாங்கள் சொல்வதைக் கேட்டு, உள்ளே போய்ச் சொல்லி, அவர் பதிலை வாங்கி மறுபடி வாசலுக்கு வருவாள். ஒரு நகர்த்தலுக்கு இரண்டு நிமிஷம் ஆகிறது. போன வாரம் அவள் வாசலிலேயே நின்று, உள்ளே போகாமல், "பதினொண்ணுக்கு வைங்க" என்றாள். பின்னாலிருந்து மாமனார் கத்துவது எங்களுக்கே கேட்டது.